இரண்டுங்கெட்டான் படி

எங்கள் அம்மா இந்த நாட்டுக்கு வந்தபின் இரண்டு தடவை தடக்கியிருக்கிறா. இரண்டும் வெளியில் பனியில் வழுக்கியதல்ல. வீட்டுக்குள்ளே, கதவடியில். இரண்டுக்கும் பொறுப்பு நாங்கள்தான். எம்மவர் பலர் இப்போது பேஸ்மென்ற் வீடுகளில் பழைய கார்ப்பெற்றைக் கிளப்பிவிட்டுத் தங்கள் கையாலேயே லமினேற் தரை போடுகிறார்கள். தரை போடும் விதத்தைச் சொல்லித்தர ஆட்கள் நிறைய உண்டு. ஓர் அறையின் தரையும் அடுத்த அறையின் தரையும் கதவுக்குக் கீழே சந்திக்கும் அந்த இரண்டரை அடியைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆகவே நாங்கள் பட்டதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் அண்ணன் தம்பி இருவர். ஸ்காபரோவில் ஒரு பழைய வீட்டின் பேஸ்மென்றில் அம்மா, அண்ணி, பிள்ளை சகிதம் வாடகைக்கு இருக்கிறோம். இருவரும் ஒரே பக்டரியில் பெட்டி அடைக்கிற வேலை, பெரும்பாலும் இரவு சிப்ற். படிப்பு என்று சொல்ல அதிகம் இல்லை. மூத்தவர் ஓ/எல் எழுதியதோடு சரி. இளையவர் பரீட்சை எழுத வேண்டிய நேரம் இடம்பெயர்ந்து கொண்டிருந்தோம். ஆனபடியால் இதை ஓடாவியார் எழுதியதாக எவரும் எண்ணவேண்டாம்.

ஒரு மாரியில் தண்ணீர்க் குழாய் வெடித்துக் கார்ப்பெற் நனைந்தது. காயவைத்தும் மணம் போகவில்லை. பிள்ளைக்கு இருமல். வீட்டுக்காரர் எம்மவர்தான். "சாமான் நான் வாங்கித் தாறன், வேலையை நீங்கள் பாருங்கோ தம்பிமார்" என்றார். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். (இந்தத் தாளை மறக்காதீர்கள். வாடகை வீட்டில் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் ஒரு ஆணியும் அடிக்க வேண்டாம்.) பன்னிரண்டு மில்லிமீட்டர் லமினேற், கீழே விரிக்க இரண்டு மில்லிமீட்டர் நுரைத்தாள், சீமெந்திலிருந்து ஈரம் ஏறாமல் இருக்கப் பொலித்தீன். இரண்டு சனி ஞாயிறில் வேலை முடிந்தது. அண்ணி படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினா.

கோலுக்கும் படுக்கையறைக்கும் இடையில் நாங்கள் வெட்டே விடவில்லை. கதவு நிலைக்குள்ளால் ஒரே ஓட்டமாகப் பலகையைக் கொண்டுபோய், நிலையில் இறுக்கி முட்டவிட்டோம். இடைவெளி இல்லாமல் பொருத்துவதுதான் கெட்டித்தனம் என்று நினைப்பு. படுக்கையறைக் கதவடியில் ஒரு பொருத்து கொஞ்சம் விலகித் தெரிந்தது. அதை மறைக்க ஒரு மெற்றல் பட்டி வாங்கி, தரைக்கு ஊடாகச் சீமெந்து வரைக்கும் நான்கு ஆணி இறுக்கினோம். அசையவே இல்லை. எங்களுக்குப் பெருமை.

யூலை மாதம் கோல் நடுவில் தரை முதுகு வளைந்தது. மாடு படுத்திருப்பதுபோல ஒரு மேடு. காலை வைத்தால் "டொக்" என்று இறங்கும், எடுத்தால் எழும்பும். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து அதில் தடக்கினா. விழவில்லை. கோப்பைதான் உடைந்தது.

பிறகுதான் பலகை வந்த பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து வாசித்தோம். முதலே வாசித்திருக்க வேண்டும். நாங்கள் சாமான் வாங்கினால் தாளை எறிந்துவிட்டுப் பெட்டியை வைத்திருக்கிற ஆட்கள்! லமினேற்றின் நடுப்பகுதி மரத்தூளையும் மரநாரையும் அமுக்கிச் செய்தது. காற்றில் ஈரம் கூடினால் அது விரியும், குறைந்தால் சுருங்கும். ரொறன்ரோவில் மாரிகாலம் பேர்னஸ் ஓடி வீட்டுக் காற்று உதடு வெடிக்கும் அளவுக்குக் காய்ந்து கிடக்கும். கோடையில் பேஸ்மென்ற் புழுங்கும். ஆகவே இந்தத் தரை வருடம் முழுவதும் மெல்ல அசைந்து கொண்டேயிருக்கும். அதனால்தான் அதைச் சீமெந்தில் ஒட்டாமல், ஆணி அடிக்காமல் மிதக்க விடுகிறார்கள். நாங்கள் நிலையில் முட்டவிட்டு, ஆணியும் இறுக்கி, அதன் இரண்டு கையையும் கட்டிப்போட்டோம். பக்கத்தால் போக வழியில்லாதது மேலே எழும்பியது.

கதவடிப் பட்டியின் வேலை என்னவென்று அப்போதுதான் விளங்கியது. கடையில் இதற்கு ரான்சிசன் ஸ்ரிப் என்று பெயர். நாங்கள் பட்டி என்றே எழுதுகிறோம். அது வெடிப்பை மறைக்கிற மூடி மட்டுமல்ல. இரண்டு அறைத் தரையும் தங்கள் பாட்டில் விரியவும் சுருங்கவும் விடப்பட்ட இடைவெளிக்கு மேலே போடுகிற கூரை.

திருத்திய விதம் இதுதான். படுக்கையறைக் கதவைச் சாத்தி, கதவின் தடிப்புக்கு நேர் நடுவில் தரையில் கோடு போட்டோம். பட்டி அந்த இடத்தில் இருந்தால் கதவு பூட்டியிருக்கும்போது ஒரு பக்கத்துத் தரை மற்றப் பக்கத்துக்குத் தெரியாது. கோட்டின் இரு பக்கமும் அரை அரை அங்குலம் வெட்டி, ஒரு அங்குல இடைவெளி எடுத்தோம். எங்கள் பட்டி ஆங்கில ரீ எழுத்துப் போன்றது. தலை ஒன்றே முக்கால் அங்குலம். ஆகவே ஒவ்வொரு பக்கமும் முக்கால் அங்குலத்தில் பாதியளவு தரைக்கு மேல் படிந்து நிற்கும். அதன் காலைப் பிடிக்கிற தவாளிப்பை மட்டும் சீமெந்தில் துளையிட்டு இறுக்கினோம். தரையில் ஒரு ஆணியும் இல்லை. சீமெந்தைத் துளைக்கமுன் அந்த இடத்தில் கீழால் குழாய் ஏதும் போகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டோம். அப்பாட்மென்றில் இருப்பவர்கள் துளையிடவே வேண்டாம். சீமெந்துக்குள் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. பசை போதும்.

நிலையைச் சுற்றி அடித்திருக்கும் சட்டத்தில் பலகை முட்டுகிற இடம் இன்னொரு தலையிடி. நாங்கள் முதல்முறை அந்த நெளிவுக்கெல்லாம் ஏற்றபடி பலகையை நறுக்கப் பார்த்து மூன்று பலகை பழுதாக்கினோம். நறுக்க வேண்டியது பலகையை அல்ல, நிலைச் சட்டத்தின் அடியை! ஒரு துண்டு லமினேற்றை அதன் நுரைத்தாளோடு நிலைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கைவாளைப் படுக்கப் போட்டு அறுத்தால் சட்டத்தின் அடி சரியான உயரத்தில் கழன்று விடும். பலகை அதற்குள் நுழைந்து கொள்ளும். விரிய இடமும் இருக்கும், வெளியில் தெரியவும் மாட்டாது. இதைப் பக்டரியில் எங்களோடு நிற்கும் ஒரு போத்துக்கீச முதியவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாண் துண்டையும் கத்தியையும் வைத்துச் செய்து காட்டினார். அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருக்கும் ஆங்கிலம் இருபது சொல்தான். பாண் போதுமாக இருந்தது.

தரை உயர்ந்ததால் கதவு அடியில் உரசியது. கதவைக் கழற்றி அடியை அறுக்க வேண்டும். இந்த வீட்டுக் கதவுகள் உள்ளே வெறும் கோது. அடியில் ஒரு அங்குலம் அளவுக்குத்தான் நல்ல மரம் வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி அறுத்தால் உள்ளே கடதாசிக் கூடு தெரியும். அறுக்கிற கோட்டில் ஒட்டுநாடா சுற்றி, கத்தியால் கீறிவிட்டு அறுத்தால் பட்டை சிலும்பாது. அடியில் முக்கால் அங்குலம் இடைவெளி வந்தது. குளிர் வருகிறதே என்று அண்ணி அதில் துவாயைச் சுருட்டி அடைத்தா. அடைத்த பிறகு அறை இன்னும் குளிர்ந்தது! காரணம் இது: பேர்னஸ் அறைக்குள் சூட்டுக் காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்றைத் திரும்ப இழுக்கும் வாய் கோலில் இருக்கிறது. கதவு சாத்தியிருந்தால் காற்று திரும்பிப் போக வழி கதவடி ஒன்றுதான். அதை அடைத்தால் புதுச் சூடு உள்ளே வராது. துவாயை எடுத்தோம், அறை சூடானது.

இதுவரை எழுதியது பலகையின் கதை. இனி எழுதப்போவதற்கு எங்களுக்குக் கை கூசுகிறது.

பாத்றூமுக்கு ஏற்கனவே ரைல்ஸ் போட்டிருந்தது. அது எங்கள் தரையைவிட ஆறு மில்லிமீட்டர் உயரம். அந்தக் கதவடிக்கு நாங்கள் கடையில் மிகவும் வடிவாக இருந்த ஒரு தடித்த மரப் பட்டியைத் தெரிவு செய்தோம். தரையின் அதே கபில நிறம். ரைல்சிலிருந்து பார்த்தாலும் முக்கால் அங்குலம் மேலே நிற்கும். ஊர் வீட்டு நிலைப்படி மாதிரி இருக்கிறது என்று எங்களில் ஒருவர் சொன்னார். எவர் என்று இப்போது இருவரும் ஒத்துக்கொள்வதில்லை.

நாங்கள் இரவு வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், சாமம் இரண்டு மணிபோல் அம்மா பாத்றூமுக்கு எழும்பினா. அந்தப் பட்டியில் பெருவிரல் தடக்கி, ரைல்சில் இடது கையை ஊன்றி விழுந்தா. காலை ஏழரைக்கு நாங்கள் வந்தபோது குசினிக் கதிரையில் இருந்தா. கையில் ஈரத் துணி சுற்றியிருந்தது. மணிக்கட்டு வீங்கி ஒரு பக்கம் திரும்பியிருந்தது. ஐந்தரை மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறா. "அவள் பிள்ளை ஐஞ்சு மணிக்கு வேலைக்கு எழும்ப வேணும், ஏன் எழுப்புவான் எண்டு விட்டிட்டன்" என்றா. அண்ணி வேலைக்குப் போகும்போது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்திருக்கிறா, ஒற்றைக் கையால்.

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, எலும்பு வெடித்திருக்கிறது, ஆறு கிழமை பிளாஸ்ரர் என்றார்கள். காரில் திரும்பி வரும்போது அம்மா சொன்ன ஒரே கதை, "என்ர பிழைதான் தம்பி, காலைத் தூக்கேல்லை."

எங்களுக்கு அது விளங்கவில்லை. படி தாண்டத் தெரியாதவவா அம்மா? கிளிநொச்சியில் எங்கள் வீட்டு வாசல் நிலை முதிரை மரம். அதன் கீழ்க்கட்டை நாலு அங்குலம் உயரம். மழைத் தண்ணீரும் பூச்சி பூரானும் உள்ளே வராமல் நிற்கவும், நிலை கோணாமல் இருக்கவும் அந்த உயரம். அதில் மிதிக்கக்கூடாது, குந்தக்கூடாது, விளக்கு வைக்கிற நேரம் அதில் நின்று கதைக்கக்கூடாது என்று எங்கள் காதைத் திருகி வளர்த்தவ. 2008இல் இடம்பெயர்ந்தபோது எல்லோரையும் போல நாங்களும் கூரைத் தகரத்தோடு கதவையும் நிலையையும் கழற்றி உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனோம். நிலை விசுவமடு வரைக்கும்தான் வந்தது. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் மழைத் தண்ணீர் வந்தபோது, அம்மா வாசலுக்குக் குறுக்கே கையால் மண் அணைத்து ஒரு வரம்பு கட்டினா. கதவு இல்லை, நிலை இல்லை, படி மட்டும் இருந்தது. அதையும் மிதிக்க விடமாட்டா. அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படுவதற்கு முன்னரே நாங்கள் வெளியில் வந்துவிட்டோம்.

அப்படிப்பட்டவ முக்கால் அங்குலத்தில் ஏன் விழுந்தா?

பிளாஸ்ரர் போட்ட மூன்றாம் கிழமை, பாத்றூம் வாசலில் நின்று அந்தப் பட்டியைச் செருப்புக் காலால் தட்டித் தட்டிப் பார்த்தா. பிறகு சொன்னா: "ஒண்டில் படி வையுங்கோ, இல்லாட்டி தரை வையுங்கோ. இதென்ன ரெண்டுங்கெட்டான்? படி எண்டால் கால் தானாத் தூக்கும். தரை எண்டால் தானா இழுபடும். இதுக்குக் கால் என்ன செய்யும்?"

நாங்கள் பேசாமல் நின்றோம். ஏனெனில் இதை நாங்கள் பக்டரியில் ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். அங்கே இரண்டு கட்டிடம் சந்திக்கும் இடத்தில் நிலம் ஒரு விரல் தடிப்பு ஏறியிருக்கும். அதற்கு மஞ்சள் கோடு போட்டு, இரும்புத் தகட்டைச் சரிவாக வைத்திருக்கிறார்கள். பெரிய படிக்கட்டில் எவரும் விழுவதில்லை, இந்தச் சின்ன ஏற்றத்தில்தான் விழுவார்கள் என்று சுப்பவைசர் முதல் நாளே சொன்னவர். சம்பளம் தருகிற இடத்தில் கேட்டுத் தலையாட்டினோம். வீட்டில் அழகு பார்த்தோம்.

அன்றே அந்த மரப் பட்டியைக் கிளப்பினோம். ஒன்ராறியோவின் கட்டிட விதிகளில், சக்கர நாற்காலியில் போவோருக்கான பாதையில் திடீர் உயர வித்தியாசம் 13 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, அதுவும் சரிவாக்கப்பட்டிருக்க வேண்டும் என்று உண்டு. சாதாரண வீட்டின் உட்கதவுக்கு இது கட்டாயம் அல்ல. ஆனால் நாங்கள் இதையே எங்கள் அளவாக எடுத்துக்கொண்டோம். ரெடியூசர் என்று ஒரு சாய்ந்த பட்டி விற்கிறார்கள். ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் மெலிந்து தரையோடு படியும். எங்களுக்கு வேண்டிய அந்த ஆறு மில்லிமீட்டரை அது ஒன்றரை அங்குல அகலத்தில் மெல்ல இறக்கியது. ரைல்ஸ் பக்கத்தை மட்டும் ஒட்டினோம், லமினேற் பக்கம் சும்மா படிந்திருக்கிறது. ஈரம் இறங்காமல் ரைல்ஸ் ஓரத்தில் சிலிக்கோன் இழுத்தோம். நிறம் வேண்டுமென்றே வெளிறியது வாங்கினோம். தரையோடு சேர்ந்து போகிற நிறம் கண்ணுக்கு வடிவு, வயது போன கண்ணுக்கு அது தெரியாது. பக்கத்துச் சுவரில் இரவு முழுவதும் எரியும் சின்ன லைற் ஒன்றும் செருகினோம். பட்டியும் லைற்றும் பிளாஸ்ரர் வெட்டுவதற்கு மூன்று கிழமைக்கு முன்பே வந்துவிட்டன. ஆறு மாதத்துக்கு முன்பு வந்திருக்க வேண்டியவை.

புதிதாக வந்து அப்பாட்மென்றில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு விசயம். நாங்கள் முன்பு இருந்த கட்டிடத்தில் குசினி வாசலில் மெற்றல் பட்டி ஒன்று ஆணி கழன்று நாக்கைப் போல் தூக்கிக்கொண்டு நின்றது. சொன்னோம், பார்ப்போம் என்றார்கள், மறுபடி சொல்லப் பயந்தோம். இருக்க இடம் தந்ததே பெரிசு, வழக்கு முடியாத நேரத்தில் ஏன் வம்பு என்று ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு இரண்டு வருடம் அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம். அது எங்கள் அறியாமை. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைத் திருத்தமாக வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. குடிவரும்போதே பழுது உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கடமை அவருடையதுதான். முதலில் எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி வைத்திருங்கள். செய்யாவிட்டால் 311க்கு அடித்து முறையிடலாம், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மூன்று மாடியும் பத்து வீடும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டிடங்களைக் கவனிக்க 2017 முதல் ரென்ற்சேவ் ரீஓ என்ற திட்டத்தை மாநகரசபை நடத்துகிறது. உங்கள் அகதி வழக்குக்கும் கதவடிப் பட்டிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இன்னும் ஒரு கதவு மிச்சம் இருக்கிறது. லோண்டறி அறையில் ஒன்பது அங்குலச் சதுர ரைல்ஸ், பழைய காலத்தது. அதையும் கிளப்பிவிட்டு ஒரே தரையாகப் போடலாம் என்று சுத்தியலோடு இறங்கிய எங்களை அந்தப் போத்துக்கீசர்தான் மறித்தார். அந்தக் காலத்து ஒன்பது அங்குல ரைல்ஸ்களிலும் அவற்றை ஒட்டிய கறுத்தப் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். உடையாமல் கிடந்தால் பெரிய ஆபத்தில்லை. உடைத்தால், உரஞ்சினால், துளைத்தால் தூசி நெஞ்சுக்குள் போகும். கனடா அஸ்பெஸ்ரசைத் தடை செய்ததே 2018இல்தான், அதற்கு முன் போட்டவை வீடுகளில் அப்படியே கிடக்கின்றன. பரிசோதனைக்குக் கொடுத்து அறியாமல் கை வைக்காதீர்கள். நாங்கள் வைக்கவில்லை. அதனால் அந்த அறை மற்றத் தரையைவிடப் பதினான்கு மில்லிமீட்டர் பள்ளம், இடையில் பட்டி இல்லாமல் பலகையின் விளிம்பு வாய் திறந்தபடி நிற்கிறது. துளையிட முடியாது, பசையில்தான் நிற்க வேண்டும். அகலமான ரெடியூசர் ஒன்று வாங்கிச் சுவரில் சாத்தி வைத்து ஐந்து கிழமை. ஒவ்வொரு சனியும் ஓவர்ரைம் வந்துவிடுகிறது.

அதுவரைக்கும் அந்த விளிம்பில் பக்டரியில் கேட்டு வாங்கி வந்த மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறோம். உடுப்புக் கூடையோடு போகும்போது அம்மா அதற்கு முன்னால் ஒரு கணம் நின்று, ஊர்ப் படியைத் தாண்டுகிற அளவுக்குக் காலைத் தூக்கி இறங்குகிறா. பிள்ளை பின்னால் போய் அதே உயரத்துக்குக் காலைத் தூக்குகிறான். வருகிற சனி வேலைக்குக் கூப்பிட்டால் வரமாட்டோம் என்று இருவரும் சொல்லியிருக்கிறோம்.